சூரியனுக்கு வைத்த கருவாட்டுக் குழம்பு

அந்தக் காலத்தில், கோழியும் கொக்கும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தபோது, சூரியனுக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. பிடித்த ஊரைக் கண்டால் அதன் உச்சியில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவார். அப்படித்தான் ஒரு கடற்கரைக் குப்பத்துக்கு வந்தார். மீன் காயப்போட்ட பெண்கள், "அய்யா வந்தாரு, சுருக்கா காஞ்சிருச்சு" என்று புகழ்ந்துவைத்தார்கள். புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? சூரியன் அங்கிருந்து அசையவே இல்லை.

முதலில் குப்பமே குதூகலித்தது. போகப் போகக் கிணறு வற்றியது. கீரைப் பாத்தி கருகியது. இரவே வராததால் யாருக்கும் தூக்கமில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டைகூட முடிகிற வழியாக இல்லை. மீன்காரி சடைச்சிதான் பாவம். அவள் கைக்குழந்தை பிறந்ததிலிருந்து கண் மூடவில்லை. அழுது அழுது தொண்டை கம்மி, பாலும் குடிக்காமல் துவண்டு கிடந்தது.

"நீயாவது போய் அவரைக் கிளம்பச் சொல்லிக் கேளேன்" என்றது அவள் வீட்டுச் சேவல். "விடியாத ஊருல நான் எதுக்குக் கூவணும்? வேலையத்தவன்னு என்னை அடுப்புல ஏத்திருவாங்களோன்னு பயமா இருக்கு."

வெறுங்கையோடு போய்க் கேட்கச் சடைச்சிக்கு மனசு வரவில்லை. விருந்தாளிக்கு வயிறு நிறையப் போட்டால் கண் சொக்கும், சொக்கினால் படுக்க இடம் தேடிப் போவார் என்று நினைத்தாள். இருந்ததிலேயே உசத்தியான நெத்திலிக் கருவாட்டை எடுத்துக் குழம்பு வைத்தாள். கருவாட்டோடு பிறந்து வளர்ந்தவளுக்கு அது மணக்கும் என்று மட்டும்தான் தெரியும்.

"அய்யா, ஒரு வாய் சாப்பிடுங்க" என்று சட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

சூரியன் ஆசையாகக் குனிந்தார். அவர் குனியக் குனியக் குழம்பு தளதளவென்று கொதித்தது. ஆவி நேரே மூக்கில் ஏறியது.

"ஹச்! ஐயோ தாயி, என்ன இது?"

"கருவாடுங்க. இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தட்டுங்களா?"

தும்மித் தும்மி முகம் சிவந்த சூரியன், மூக்கைப் பொத்திக்கொண்டு மேற்கு மலைப் பக்கம் ஓட்டமெடுத்தார். சடைச்சிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "போய்த் தொலைங்க" என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் வாசலுக்கு வந்தவரை அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை. "போயிட்டு வாங்க" என்றாள்.

அவரும் மரியாதை தெரிந்தவர். மூக்கிலிருந்து கையை எடுக்காமலே, "வரேன் தாயி" என்றார்.

இருட்டியது. குழந்தை ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது. அதன் நெற்றியைத் தடவித் தடவிச் சடைச்சி அழுதாள், சந்தோஷத்தில்தான். அதற்குள் ஊரே திரண்டு வந்துவிட்டது.

"ஒரு சட்டிக் குழம்பை வச்சு வெளிச்சத்தையே விரட்டிட்டியே! எல்லாரும் குளுருல வெறைச்சுச் சாகவா?"

"சத்தம் போடாதீங்க, புள்ள முழிச்சுக்கும். வரேன்னு சொல்லிட்டுத்தானே போனாரு? சொன்ன சொல்லை மீறுவாரா?" என்றாள் சடைச்சி. சொன்னாளே தவிர, அவளுக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

ஊர் தூங்கி எழுந்தபோது, கிழக்கே கடலில் ஒரு முழுக்குப் போட்டு நாற்றத்தைக் கழுவிக்கொண்டு சூரியன் தலை நீட்டினார். சேவல் தொண்டை கிழியக் கூவியது. குப்பத்தைக் கண்டதும் அவர் எட்டாத உயரத்துக்கு ஏறி, உட்காராமலே கடந்து, மறுபடி மேற்கே நழுவினார்.

அன்று முதல்தான் சூரியன் எந்த ஊரிலும் தங்குவதில்லை, எந்த ஊரையும் கைவிடுவதுமில்லை; நாமும் எவ்வளவு கோபத்தில் கிளம்பினாலும், வாசலில் நின்று "வரேன்" என்று சொல்லிவிட்டே போகிறோம்.