என்ஜின் சங்கிலியில் தொங்கிய மைக்

"இரைச்சல் வேணும், நோரீன். எங்க ஆல்பம் ரொம்பச் சுத்தமா இருக்கு, கொஞ்சம் அழுக்காக்கிக் கொடு" என்றார் ஜெரோம்.

நோரீன் கார் ஷெட்டின் தரையைக் காட்டினாள். எண்ணெய்க் கறையும் மண்ணும் துருப்பிடித்த ஆணிகளும் கிடந்தன.

"வேணுங்கற அளவு அள்ளிக்கங்க சார்."

"கிண்டல் பண்ணாத."

ஜெரோம் பெரம்பூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். நோரீனுக்கு ப்ளஸ் டூவில் பாடம் எடுத்தவர். இப்போது அவள் தன் அப்பாவின் ஷெட்டில் ராக் குழுக்களைப் பதிவு செய்கிறாள். ஒரே மைக், ஒரு பழைய கேசட் ரெக்கார்டர். அந்தப் பக்கம் கிடாரைத் தோளில் மாட்டித் திரிகிற பிள்ளைகளெல்லாம் அவளைக் குரு என்கிறார்கள். வாத்தியார் தன் மாணவியிடம் சந்தேகம் கேட்க வந்து நிற்பது எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி.

"நீ பதிவு பண்ண அந்தப் பசங்க ஆல்பத்தைக் கேட்டேன். ஒரு கிடார், ஒரு ட்ரம்ஸ், தொண்டை கிழியற கத்தல். சுருதி கூடச் சரியில்ல. ஆனா முடிஞ்சதும் முதல்லேர்ந்து மறுபடியும் போட்டேன். எங்க ஆல்பத்தை என்னாலயே முழுசாக் கேட்க முடியல. அதுல என்ன குறையுது?"

"போடுங்க, கேட்போம்."

ஜெரோம் போனில் போட்டார். ஒவ்வொரு அடியும் அதனதன் இடத்தில் விழுந்தது. நோரீன் பாதிப் பாட்டிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"யார் சார் ட்ரம்ஸ்?"

"பெர்னதெத்தான். வேற யாரு?"

பெர்னதெத் அவருடைய மனைவி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். குழுவில் மூன்றாவது ஆள் கிடையாது.

"அக்கா இப்படி வாசிக்க மாட்டாங்களே."

"கோரஸ் வந்தா வேகம் எடுத்துடுவா. கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு அடியா இழுத்துச் சரி பண்ணிட்டேன்."

"கேட்டுட்டு அக்கா என்ன சொன்னாங்க?"

ஜெரோம் கிடார் உறையின் ஜிப்பைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தார்.

"அதுக்கப்புறம் அவ ஸ்டிக்கைத் தொடவே இல்ல. வீட்ல நல்லாத்தான் இருக்கா. பேசறா, சிரிக்கறா. வாசிக்கலாம் வான்னா மட்டும், 'கம்ப்யூட்டரைக் கூப்பிடுங்க'ங்கறா."

குரல் இறங்கிப்போனது.

"அவ இல்லாம எனக்கு வாசிக்கத் தெரியாது, நோரீன்."

பாவம், மனுஷர் இரைச்சலுக்காக வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க" என்றாள் நோரீன். "நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க."

பெர்னதெத் கோயிலுக்குக் கட்டிய புடவையோடு வந்தார். ஷெட்டின் நடுவே, என்ஜினைத் தூக்குகிற சங்கிலியில் மைக் தொங்கியது. அதை அண்ணாந்து பார்த்தார்.

"இதுல யார் வாசிச்சதைத் தனியாப் பிரிச்செடுக்கலாம்?"

"யாரையும் முடியாதுக்கா. எல்லாம் ஒண்ணாத்தான் போகும்."

"திருத்தறது?"

"முடியாது. பிடிக்கலன்னா மொத்தமா அழிக்கலாம்."

பெர்னதெத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

ஜெரோம் ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார்ந்தார். அதன்மேல் அவர் போனில் தாளம் காட்டும் விளக்கு ஒவ்வோர் அடிக்கும் மினுக்கிக்கொண்டிருந்தது. பாட்டு தொடங்கியது. கோரஸ் வந்தது. பெர்னதெத் வேகம் எடுத்தார்.

ஜெரோமின் கை தானாக உயர்ந்தது.

"பெர்னா, கொஞ்சம் நிதானமா..."

பெர்னதெத் ஸ்டிக்குகளை ட்ரம் மேல் வைத்துவிட்டு எழுந்து கைப்பையை எடுத்தார்.

"பார்த்தியா நோரீன்? இவரை மாத்தவே முடியாது."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட ஜெரோமுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அலுத்துப்போய்ச் சொன்னார்.

நோரீன் மினுக்கிக்கொண்டிருந்த போனை எடுத்து ஸ்பேனர் பெட்டிக்குள் போட்டு மூடினாள். தன் வாத்தியாரின் தோள்களைப் பிடித்து நாற்காலியோடு திருப்பினாள். அவருடைய முழங்கால் பெரிய ட்ரம்மில் போய் இடித்தது.

ஜெரோம் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"உக்காரு பெர்னா. நான் வாயே திறக்க மாட்டேன்."

"அப்ப பாட்டை யாரு பாடுவா?"

"பாடறதுக்கு மட்டும் திறக்கறேன்."

பெர்னதெத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையைக் கீழே வைத்தார்.

இந்த முறை தகரக் கூரை அதிர்ந்தது. சிம்பலின் சத்தம் ஜெரோமின் குரலை விழுங்கியது, அவர் அதைத் தாண்டிக் கத்தினார். கிடார் கம்மிக் கரகரத்தது. இத்தனை வருடமும் வாசிக்கும்போது தன் விரலையோ அந்த விளக்கையோதான் பார்த்திருக்கிறார். இப்போது பார்க்க பெர்னதெத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

கோரஸுக்குச் சற்று முன்னால் பெர்னதெத் கீழுதட்டைக் கடித்தார். புருவம் உயர்ந்தது. இதோ அந்த வேகம் வரப்போகிறது என்று ஜெரோமுக்குத் தெரிந்தது.

வந்தது.

பாட்டு முடிந்தபோது அலமாரியிலிருந்து ஏதோ ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தது. கேசட் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பெர்னதெத் தலைப்பால் கழுத்து வியர்வையைத் துடைத்தார்.

"ரொம்ப வேகம் எடுத்துட்டேனா?"

"தெரியலயே பெர்னா" என்றார் ஜெரோம், மூச்சு வாங்க. "நானும் உன்கூடத்தானே ஓடிட்டிருந்தேன்."