கட்டடம் கெட்டியாக இருக்கிறது!

வடசென்னையில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. கூரைக் காரை பெயர்ந்து சோற்றுத் தட்டில் விழும். இடித்துக் கட்ட அனுமதி கேட்டால், அதிகாரி பரந்தாமன் நாற்காலியை விட்டு எழாமலே, “கட்டடம் கெட்டியாக இருக்கிறது” என்று மனுவைத் திருப்பிவிடுவார். அப்படியொரு ஞானக்கண்!

அங்கே குடியிருந்த இஸ்திரிக்காரி குப்பம்மாள் நச்சரித்து நச்சரித்து, ஒருவழியாக அவரை நேரிலேயே வரவழைத்துவிட்டாள். அவர் தெருவில் நின்றபடி அண்ணாந்து பார்த்தார்.

“நல்லாத்தானேம்மா இருக்கு? இன்னும் நூறு வருஷம் தாங்கும்.”

“அப்ப உள்ள வாங்க சார், ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க.”

படியில் கால் வைத்ததும் மேலிருந்து பொலபொலவென்று மண் உதிர்ந்தது. பரந்தாமன் ஒரே தாவலில் ஜீப்புக்குப் போய்விட்டார்.

“ஏம்மா, இடிஞ்சு என் தலையில விழுந்தா யார் பொறுப்பு?”

குப்பம்மாள் மனுவையும் பேனாவையும் நீட்டினாள்.

“அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க சார்.”

கூடியிருந்த சனம் கொல்லென்று சிரித்தது. ஜீப்பில் உட்கார்ந்தபடியே அவர் கையெழுத்துப் போட்டார்.