சாட்சிக்கு வந்த ஈசல்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், கடலுக்கு நடுவே மூன்று தீவுகள் இருந்தன. மூன்றையும் ஆட்டிப் படைத்தவன் கராளன் என்ற மந்திரவாதி. "ஆதியிலிருந்தே மூன்றும் வேறு வேறு மண். ஒரு தீவுக்காரன் இன்னொரு தீவில் பெண்ணெடுத்தால் கல்லாவான்" என்பான். சனங்கள் நம்பினார்கள். அவர்கள் நம்பும்வரைதான் மந்திரம் பலிக்கும். அது அவனுக்கு மட்டுமே தெரியும்.

பூவாயியின் புருஷன் சடையன் பக்கத்துத் தீவுக்காரன். தாலி கட்டிய கையோடு கடற்கரையில் கல்லாய் நின்றுவிட்டான். அவள் கராளன் காலில் விழுந்தாள்.

"மூணு தீவும் ஒண்ணா இருந்ததைப் பார்த்த சாட்சியைக் கொண்டு வா, விடுறேன்" என்று சிரித்தான் பாவி.

அம்பர் தோண்டுவது அவள் பிழைப்பு. மரப்பிசின் யுகயுகமாய் மண்ணில் கிடந்து இறுகிய மஞ்சள் கல் அது. ஒருநாள் அப்படி ஒரு கல்லுக்குள் ஓர் ஈசல் இருந்தது. செந்தலை, இறக்கையில் வெள்ளைப் பட்டை. இப்போது எங்கும் காணாத சாதி. உள்ளங்கைச் சூட்டில் அது விழித்துக்கொண்டது.

"தூங்க விடமாட்டியா?"

"நான் தூங்கியும் நாளாச்சு ஆத்தா. சுத்தி கடல், நடுவுல நான்."

"கடலா? எங்க காலத்துல ஏது கடல்? காடு போய்க்கிட்டே இருந்துச்சு. எங்க சனம் அந்த ரெண்டு கரையிலயும் கிடக்கும், போய்த் தோண்டு!"

போனாள். இரண்டாம் தீவில் தோண்டினாள். காலும் ஓய்ந்தது, கையும் ஓய்ந்தது, பூவாயி ஓயவில்லை. அங்கும் ஒரு கல்லுக்குள் அதே சாதி ஈசல் கிடைத்தது.

மூன்றாம் தீவில் தோண்டினாள். காலும் ஓய்ந்தது, கையும் ஓய்ந்தது, உள்ளதைச் சொன்னால் பூவாயியும் ஓய்ந்துதான் போனாள். 'கல்லாய் நிற்கிறவன் கொடுத்துவைத்தவன்' என்று குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். எழுந்திருக்கக் கையை ஊன்றியபோது விரலில் தட்டுப்பட்டது மூன்றாவது கல். அதற்குள்ளும் அதே செந்தலை, அதே வெள்ளைப் பட்டை.

ஊர் கூடிய சபையில் மூன்றையும் வைத்தாள். "மூணு தீவு மண்ணுலயும் ஒரே ஈசல். அப்ப மூணும் ஒரே காடுதானே?" என்றாள். கராளனுக்கு வியர்த்தது.

"இதென்ன பெரிய சாட்சி? கடலைத் தாண்டிப் பறந்து போயிருக்கும்!"

மீன்காரி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஈசலாவது, கடலைத் தாண்டுறதாவது! புத்துல இருந்து விளக்குக்கு வர்றதுக்குள்ள இறக்கை உதிர்ந்துடுமே அதுக்கு!"

சபை கொல்லென்று சிரித்தது. சிரித்தபின் எங்கே நம்புவது? கராளனின் மந்திரக்கோல் படாரென்று ஒடிந்தது. போன இடம் தெரியாமல் போனான்.

கரையில் சடையன் கண் திறந்தான். "ரொம்ப நேரமா நிக்கிறியா பூவாயி?"

எவ்வளவோ சொல்ல இருந்தது அவளுக்கு. தெம்புதான் இல்லை. "அப்புறம் சொல்றேங்க. இப்பக் கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்" என்று அவன் தோளில் தலைவைத்தாள்.

அன்று முதல் மூன்று தீவாரும் கொண்டு கொடுத்து வாழ்ந்தார்கள். பூவாயியை மட்டும் எழுப்பாதீர்கள். பாவம், தூங்கட்டும்.