பூ விழாத சுவடி

முன்னொரு காலத்தில் கொன்றையூர் நாட்டை மாறவேள் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் எப்போது என்ன கேட்பான் என்று அவனுக்கே தெரியாது. சோறு பிசையும்போது யானை வைத்தியச் சுவடி வேண்டும் என்பான். அது வருவதற்குள் வாய்க்கால் முறைச் சுவடி எங்கே என்பான்.

நாட்டின் மூலச் சுவடிகள் மலைமேல் ஏட்டறையில் இருந்தன. ஏறி இறங்க அரை நாள் ஆகும். அதனால் வேண்டியவற்றுக்குப் படியெடுத்து, அரசவையில் ஒரு வட்ட அலமாரியில் வைத்திருந்தார்கள். அதில் இருநூறு படிகளுக்குத்தான் இடம். அதுவும் நிரம்பிவிட்டது. இனி புதிதாக ஒன்று வந்தால், இருப்பதில் ஒன்றை ஆற்றில் விட வேண்டும். எதை விடுவது?

"இதற்கென்ன யோசனை? முதலில் வந்தது முதலில் போகட்டும்" என்றார் அவைப்புலவர் குணபத்திரர். அமைச்சர் இளவழுதியின் இருக்கைமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

அரசனும் தலையசைத்தான். முதலில் வந்தவையோ தினமும் புரட்டுகிற பஞ்சாங்கமும் வாய்க்கால் முறையும். காலையில் ஆற்றில் விட்டதை மதியம் அரசன் கேட்டான். அதை மலையில் மறுபடி படியெடுத்து வந்து வைக்க இன்னொன்றை எடுத்தார்கள். மறுநாள் அதையே கேட்டான். ஐந்தாம் நாள் அவையில் வேலை பார்க்க ஆளே இல்லை. எல்லோரும் மலைப்படியில் எதிரும் புதிருமாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"அமைச்சரே, என் அரசாங்கம் இங்கே நடக்கிறதா, மலைப்படியிலா?" என்று சீறினான் அரசன்.

யோசனை தன்னுடையது என்பதையே மறந்தவர்போல முன்னால் வந்தார் குணபத்திரர். "நாளை தாங்கள் எதைக் கேட்பீர்கள் என்று தெரியாதவர் என்ன அமைச்சர், மன்னா?"

"சரியான பேச்சு! இளவழுதி, ஒரு மாதம் தருகிறேன். இந்த ஓட்டம் நிற்காவிட்டால் நீர் நாட்டு எல்லையைத் தாண்டிவிட வேண்டும்."

"நாளை நடப்பது எனக்குத் தெரியாது, அரசே. நேற்று நடந்ததைக் கேட்டுப் பார்க்கிறேன்" என்றார் இளவழுதி.

மறுநாள் ஒவ்வொரு சுவடியின் மேலும் ஓர் அலரிப் பூவை வைத்தார். கட்டை அவிழ்த்தால் பூ விழுந்துவிடும். இடம் தேவைப்படும்போதெல்லாம் அலமாரியைச் சுற்றி வந்தார். பூ விழுந்திருந்தால், யாரோ படித்திருக்கிறார்கள். புதுப் பூ வைத்துவிட்டு நகர்ந்தார். வைத்த பூ வைத்தபடி இருந்தால், அந்தச் சுவடியை எடுத்தார். எடுத்ததையும் உடனே ஆற்றில் விடவில்லை. யாராவது அதில் புதிதாக ஏதேனும் கீறியிருக்கிறார்களா என்று ஏடு ஏடாகப் பார்த்தார். இருந்தால், அதை மலைமேல் மூலத்தில் ஏற்றிய பிறகே ஆற்றுக்கு அனுப்பினார்.

இன்று கணினியின் நினைவகம் நிரம்பும்போது அதன் கெர்னல் என்னும் அடிப்படை நிரல் செய்வதும் ஏறக்குறைய இதுதான். அண்மையில் யாரும் தொடாத பக்கமா என்று பார்க்கும்; திருத்தம் இருந்தால் நிரந்தரச் சேமிப்பு வட்டில் எழுதிவைத்த பிறகே இடத்தைக் காலி செய்யும். நாளை என்னவென்று அதற்கும் தெரியாது.

மலைப்படியில் ஓட்டம் குறைந்தது. ஆனால் மாதக் கடைசியில் ஒரு சுவடியின் முன் இளவழுதியின் கால் நின்றுவிட்டது. அரசன் தன் போர்களைப் பற்றித் தானே எழுதிய காவியம், ஆயிரத்து நூறு பாடல். மேலே பூ அப்படியே காய்ந்து கிடந்தது.

இதை எடுத்தால் தலை போகலாம். விட்டுவிட்டால்? பயந்து ஒன்றை விட்டால், நாளை ஒவ்வொரு சுவடிக்கும் ஒரு பயம் வந்து நிற்கும். நான் நேர்மையாக இருக்கிறேனா, வீம்பு செய்கிறேனா என்று வெகுநேரம் தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு அதை எடுத்தார்.

மறுநாள் குணபத்திரர் அவையில் அலறினார். "ராஜத்துரோகம், மன்னா! தங்கள் காவியத்தை ஆற்றில் விட்டுவிட்டார்!"

"என் காவியத்தையா?" அரசன் எழுந்துவிட்டான்.

"ஆம், அரசே. வைத்த பூ விழவேயில்லை."

"ஒருவர்கூடவா திறக்கவில்லை?" அரசனின் குரல் இறங்கியது.

"பொய்! நான் நாள் தவறாமல் படித்து உருகுகிறேன்" என்றார் குணபத்திரர்.

"அப்படியா? கடைசி வரியைச் சொல்லும்" என்றான் அரசன்.

புலவர் இருமினார். "மன்னா... உணர்ச்சி தொண்டையை அடைக்கிறது."

அவை சிரித்தது. அரசன் சிரிக்கவில்லை. "அந்த வரியைப் போன மாதம்தான் அந்தப் படியில் என் கையால் கீறினேன். மலையில் உள்ள மூலத்தில் அது கிடையாது. போயிற்று, இல்லையா அமைச்சரே?"

"ஆளனுப்பிப் பாருங்கள், அரசே."

ஆள் போய் மூலத்தோடு திரும்பும்வரை யாரும் நகரவில்லை. அரசன் கடைசி ஏட்டைப் புரட்டினான். மை காய்ந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. 'வென்ற ஊர்களின் பெயர் மறந்துவிட்டது. அங்கே அழுத முகங்கள் மறக்கவில்லை.'

அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தான். பிறகு சொன்னான்: "ஆயிரத்து நூறு பாட்டில் காப்பாற்ற வேண்டியது இந்த ஒரு வரிதான். அதைக் காப்பாற்றியிருக்கிறீர், இளவழுதி. எல்லை தாண்டும் பேச்சை மறந்துவிடும். இனி அந்த அலமாரி உம் பொறுப்பு. என் சுவடியாயிற்றே என்று தயங்க வேண்டாம்."

நழுவப் பார்த்த குணபத்திரரை நோக்கித் திரும்பினான்.

"புலவரே, படித்து உருகுகிறவர் ஆயிற்றே! மலைக்குப் போய் முழுக் காவியத்தையும் மனப்பாடம் செய்துவிட்டு இறங்கி வாரும். இதைவிடப் பெரிய தண்டனை என் நாட்டில் இல்லை."