நீலத்தைச் செய்த கை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் போய்ப் பார்க்கத் தோன்றும், போனால் மனசு கெட்டுத்தான் திரும்புவீர்கள். அந்த நாட்டு ராஜாவுக்கு ஒரே மகள், கோமளவல்லி. பல் விழுந்து முளைக்கிற வயது. பண்டிகைக்குப் புது நீலப் பாவாடை கட்டிக்கொண்டு அரண்மனை முழுக்க ஓடினாள். அந்த வாரமே காய்ச்சலில் படுத்தாள். வைத்தியர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். குழந்தை போய்விட்டது.

அதன்பிறகு ராஜா சபையில் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "என் குழந்தையை யார் கொன்றது?"

நல்லவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் துக்கத்தில் இருக்கிறவனிடம் ஏதாவது ஒரு பதிலை நீட்டினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான் என்பது பிரதானி திருமேனிநாதருக்குத் தெரியும்.

"நீலம்தான் பிரபு," என்றார் அவர். "அந்தப் பாவாடையின் சாயம் குழந்தையின் உடம்பில் இறங்கிவிட்டது. சாயக்காரத் தெருவுக்கு இளவரசியை அழைத்துப்போனவன் யார் என்பதையும் தாங்கள் விசாரிக்கலாம்."

அழைத்துப்போனவன் அரண்மனை விகடன் மாசிலாமணி. சிரிக்க வைப்பதுதான் அவன் உத்தியோகம். தன்னிடம் கேட்காத யோசனையையெல்லாம் ராஜா அவனிடம் கேட்கிறாரே என்று பிரதானிக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல்.

அன்றே உத்தரவு பிறந்தது. நாட்டில் நீலம் கூடாது. நீலத் துணி எங்கிருந்தாலும் கொளுத்த வேண்டும். நீலத்தைச் செய்த கையை வெட்ட வேண்டும். முதலில் எரிந்தது கோமளவல்லியின் பாவாடைதான், அதை ராஜாவே தன் கையால் நெருப்பில் போட்டார்.

நீலம் என்றால் பாவாடையிலும் சேலையிலும் மட்டும் இருக்கிறது என்று பிரதானி நினைத்துவிட்டார். சலவைக்காரர்கள் வெள்ளை வேட்டியைக் கடைசியாக நீலத் தண்ணீரில் அலசி எடுப்பதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. அது நின்றதும் சபை முழுக்கப் பழுப்பு வேட்டி. தம் கருகரு மீசைக்கு நாவிதர் மருதாணியோடு குழைத்துப் பூசுவது அவுரி இலை என்பதும், நீலம் எடுப்பதே அந்த அவுரியிலிருந்துதான் என்பதும் அவருக்குத் தெரியாது. அவுரி கிடைக்காமல் நாவிதர் வெறும் மருதாணியைப் பூச, மீசை செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. வேறு சமயமாக இருந்தால் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கும். இப்போது மாசிலாமணிகூடச் சிரிக்கவில்லை. அவனுக்கும் அந்தக் குழந்தையின் நினைவாகவே இருந்தது.

பாவாடைக்குச் சாயம் போட்ட அங்கம்மாளைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். புருஷன் இல்லாதவள். அந்தக் கை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. அவளுடைய நகமெல்லாம் நீலம் ஏறியிருந்தது, அதற்குமேல் சாட்சி எதற்கு?

பிரதானி எழுந்தார். "பிரபு, நியாயம் பிசகக் கூடாது. நீலத்தைச் செய்த கை என்பதுதான் தங்கள் உத்தரவு. அது வலது கையா, இடது கையா என்று மாசிலாமணியே சொல்லட்டும். சொல்லத் தவறினால் அவன் கையும் போகட்டும்."

ராஜா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சொல்," என்றார்.

"பார்க்காமல் சொன்னால் பாவம் வந்து சேரும் மகாராஜா," என்றான் மாசிலாமணி. "இவள் தங்கள் முன்னிலையில் ஒரு துணிக்குச் சாயம் ஏற்றட்டும். எந்தக் கை நீலத்தைச் செய்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்."

ராஜா தலையசைத்தார். அங்கம்மாள் வீட்டுத் தாழியில் அவுரி ஊறிப் புளிக்கச் சில நாள் ஆயிற்று. பிறகு தாழியை அலுங்காமல் தூக்கிவந்து சபை நடுவில் வைத்து, துணி உலர்த்தப் பக்கத்தில் ஒரு கொடியும் கட்டினார்கள். அதன் நாற்றத்துக்கு எல்லோரும் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அங்கம்மாள் ஒரு வெள்ளைத் துணியை முக்கி, பிழிந்து எடுத்தாள்.

"பிரதானியாரே, இது என்ன நிறம்?" என்று கேட்டான் மாசிலாமணி.

"பச்சை," என்றார் பிரதானி. உண்மையிலேயே அது மஞ்சள் கலந்த பச்சையாகத்தான் இருந்தது.

"நீலம் இல்லையே?"

"இல்லை."

"அங்கம்மா, துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் தள்ளி நில்."

அவள் தள்ளி நின்றாள். காவலர்கள் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணியின் ஓரம் கறுத்தது, அப்படியே உள்ளே பரவி முழுத் துணியும் நீலமாகிவிட்டது.

"மகாராஜா, இவள் கையில் இருந்தவரை அது பச்சை. கொடிக்குப் போனபிறகு காற்றைத் தவிர யாரும் அதைத் தொடவில்லை. ஆகவே நீலத்தைச் செய்த கை காற்றின் கை. அது வலதா இடதா என்று பிரதானியார் பிடித்துக் காட்டினால் தாராளமாக வெட்டலாம்."

"கண்கட்டு வித்தை," என்று சீறினார் பிரதானி. "துணியில் முன்பே எதையோ தடவியிருக்கிறார்கள்."

"அப்படியானால் தங்கள் துண்டைத் தாங்களே முக்கிப் பாருங்கள் ஐயா."

பிரதானி தம் பழுப்புத் துண்டை உருவி, முழங்கைவரை உள்ளே விட்டார். ராஜாவும் இறங்கிவந்து தாழிக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தபோது இருவர் கையும் பச்சை. கொஞ்ச நேரத்தில் இருவர் கையும் நீலம். சிவப்பு மீசையும் நீலக் கையுமாகப் பிரதானி சபை நடுவில் நின்றார்.

"நீலக் கைகள் நிறையச் சேர்ந்துவிட்டன மகாராஜா," என்றான் மாசிலாமணி. "கத்திக்காரரை எங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்லட்டும்?"

ராஜா தன் கையைப் பார்த்தார், பிரதானியின் மீசையைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை போனபிறகு முதல் சிரிப்பு அது. சபையும் சேர்ந்து சிரிக்க ஆரம்பிப்பதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது.

"இந்தச் சாயம் என் கையிலும் ஏறிவிட்டது. நான் சாகவில்லையே, மாசிலாமணி."

"அங்கம்மாள் கையில் கலியாணமான நாளிலிருந்து இருக்கிறது மகாராஜா."

"அப்படியென்றால் என் குழந்தையை யார் கொன்றது?"

அதற்கு விகடனிடம் விகடம் இல்லை. "யாரும் கொல்லவில்லை மகாராஜா. காய்ச்சல் வந்தது, போய்விட்டாள்," என்றான். சொல்லிவிட்டு அவனும் அழுதான்.

"அவளுக்கு எவ்வளவு ஆசையான பாவாடை," என்றார் ராஜா. "அதை நானே எரித்துவிட்டேன்."

அப்போது அங்கம்மாள் காவலர்களிடமிருந்து கையை விடுவித்துக்கொண்டு, மடியிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்தாள்.

"அன்னிக்கு வந்தப்ப பாப்பா தாழிக்குள்ள கைய விட்டுருச்சு மகாராஜா. கை பச்சையா ஆனதப் பாத்து ஒரே சிரிப்பு. நான் தொடைக்கிறதுக்குள்ள இந்தத் துணியில அப்பிருச்சு. முன்னாடியே இதக் காட்டியிருந்தா, சாயத்துல கைய முக்கவச்சுக் கொன்னவ நீதான்னு என் தலைய எடுத்திருப்பாங்க. தூக்கிப் போடவும் மனசு வரல."

துணியை விரித்தாள். நடுவில் ஐந்து சின்ன விரல்கள், நீலத்தில்.

ராஜா குனிந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். உத்தரவை அந்த இடத்திலேயே ரத்து செய்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார். சாயக்காரத் தெருவுக்கு அந்த வருஷத்து வரியைத் தள்ளினார். தாழியை அங்கம்மாள் வீட்டுக்குத் தூக்கிப் போகும் வேலையைப் பிரதானிக்குக் கொடுத்தார்.

ஆனால் அந்தத் துணியைத் தொட மட்டும் அவருக்குப் பயமாக இருந்தது. "தொட்டால் அழிந்துவிடுமா?" என்று அங்கம்மாளைக் கேட்டார்.

"கையில ஒட்டுனது நாளாவட்டத்துல போயிரும் மகாராஜா. துணியில பிடிச்சது போகாது. பயப்படாமத் தொடுங்க."

ராஜா தன் நீலக் கையை அந்தச் சின்னக் கையின்மேல் வைத்தார்.