திரும்பினால் வரும் சுவர்

"இடம் போதல, குருவே" என்றான் ரெமிஜியஸ்.

குரு முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

அவள் பெயர் தமயந்தி. கோவையில் செல்போன் விளையாட்டுகள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் கிராபிக்ஸ் பிரிவுக்குத் தலைவி. தனக்குக் கீழே வேலை பார்க்கும் இந்தச் சீடனைவிடப் பத்து வயது சிறியவள். குரு என்பது ஆபீஸ்காரர்கள் கேலிக்கு வைத்த பெயர். நாளடைவில் கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

"எதுக்குங்ணா இடம்?"

அவன் ஒரு பழைய போனை அவள் மேசைமேல் வைத்தான்.

"அத்தைகிட்ட இருக்கிறதும் இதே மாடல்தான். வாசல் வரைக்கும் வருது. கதவைத் திறந்தா அப்படியே செத்துருது."

எந்த வீட்டு வாசல் என்று அவள் கேட்கவில்லை. ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

ரெமிஜியஸின் மனைவி ஜெசிந்தா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இருவரும் குடியிருந்த வாடகை வீட்டை அவன் காலி செய்துவிட்டான். அதற்குமுன் சுவர், தரை, ஜன்னல், கதவிடுக்கு என்று ஓர் அங்குலம் விடாமல் படம் எடுத்தான். மறு வாரமே வீட்டுக்காரர் வெள்ளையடித்துவிட்டார். அந்தப் படங்களை வைத்து, வீட்டைப் பழையபடியே கம்ப்யூட்டருக்குள் கட்டினான். விரலால் தள்ளினால் உள்ளே நடக்கலாம்.

அத்தை என்பது ஜெசிந்தாவின் அம்மா. தெற்கே கடலோரம் மணப்பாட்டில் இருக்கிறார். மகள் குடித்தனம் நடத்திய வீட்டை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. முட்டிவலி. அடுத்த மாதம் வருகிறேன், அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இப்போது ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். "வருஷப் பூசைக்கு முன்னாடி, அவ இருந்த வீட்டுக்குள்ள ஒரு நடை நடந்து பாத்துக்கிடுதேன், மருமவனே."

தேவாலயத்தில் பூசை ஞாயிற்றுக்கிழமை. அன்று வியாழன்.

குரு கையைத் துடைத்துக்கொண்டு அவன் வேலையைத் திறந்து பார்த்தாள்.

"எல்லாத்தையும் பூட்டி வச்சிருக்கீங்க."

"ஆமா."

சுவர்மேல் ஒட்டுகிற படத்துக்கு டெக்ஸ்சர் என்று பெயர். ஒரு வீட்டுக்கு வேண்டிய எல்லாப் படங்களும் சின்னப் போனின் மெமரியில் ஒரே நேரத்தில் அடங்காது. அதனால் கிட்டே இருக்கும் சுவரைப் பெரிதாக வைத்துக்கொள், தூரத்துச் சுவரைச் சின்னதாக வை, முதுகுக்குப் பின்னால் இருப்பதை இறக்கிவிடு, திரும்பும்போது மறுபடி ஏற்று. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லித்தரும் பாடம் இது. அந்த ஆபீஸில் அதைச் சொல்லித்தருகிறவனே ரெமிஜியஸ்தான்.

சொந்த வீடென்று வந்ததும் வாத்தியாருக்குப் பாடம் மறந்துவிட்டது. எதுவும் வெளியே போகக் கூடாது என்று ஒவ்வொரு படத்துக்கும் பூட்டுப் போட்டிருந்தான். கட்டிலுக்கு அடியில் இருக்கும் தரைக்குக்கூட.

"கட்டிலுக்கு அடியில அத்தை எதுக்குங்ணா போகப்போறாங்க?"

"அவ கம்மல் ஒருதடவை அங்க விழுந்துட்டு. ரெண்டு பேரும் படுத்துக்கிட்டே தேடினோம்."

குரு மேசையை விட்டு எழுந்தாள். அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

"திரும்பாதீங்க. நான் எங்க இருக்கேன்?"

"பின்னாடி."

"உங்க கண்ணுக்குத்தான் தெரியலையே. அழிஞ்சா போயிட்டேன்?"

நல்ல குருக்கள் செய்கிற காரியம்தான். வேறொரு சீடனாக இருந்தால் அந்த இடத்திலேயே காலில் விழுந்திருப்பான்.

"நான் திரும்பினா நீங்க இருப்பீங்க" என்றான் ரெமிஜியஸ். "அவ இருக்க மாட்டா."

குரு தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். முகம் சிறுத்துப் போயிருந்தது.

"தப்பாப் பேசிட்டேங்ணா."

"பரவால்ல."

"பூட்டைத் திறந்தா என்ன ஆயிரும்னு பயப்படறீங்க?"

அவன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திரும்புனதும் சுவர் முதல்ல மங்கலா வரும்லா. அப்புறம்தான் தெளியும். அந்த மங்கலை என்னால தாங்க முடியல."

"அது கண்ணை மூடித் திறக்கற நேரம்தானுங்ணா. எல்லா கேம்லயும் வருது. யாரும் கவனிக்கறதுகூட இல்ல."

"ஜெசி முகமும் இப்பல்லாம் எனக்கு அப்படித்தான் வருது."

குரு நிமிர்ந்தாள்.

"கண்ணை மூடினா மங்கலாத்தான் வாரா. அப்படியே போயிருவாளோன்னு பயமாயிருது. உடனே பையில இருக்கிற போட்டோவை எடுத்துப் பாத்துருதேன். தானாத் தெளியுதான்னு ஒருநாள்கூட விட்டுப் பாத்ததில்ல."

ஜெசிந்தாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது அவனுக்கு. ஒரு வருடமாக அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். போட்டோவில் இருப்பவள் எப்போதும் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அவனைப் பார்த்து முறைத்தவள், அவனோடு சண்டை போட்டவள், கட்டிலடியில் கம்மலைக் கண்டுபிடித்துக் கத்தியவள் அதில் இல்லை.

குரு பழைய போனை அவன் பக்கம் தள்ளினாள்.

"மங்கலோடவே அனுப்புங்ணா."

"அத்தை என்ன நெனப்பாங்க?"

"அதை அத்தை சொல்லட்டும்."

அவன் எழுந்தான். போகாமல் நின்றான்.

"ஒண்ணே ஒண்ணை மட்டும் பூட்டி வச்சுக்கிடலாமா?"

"ஒண்ணுக்கு இடம் இருக்குங்ணா. எதுன்னு நீங்களே பாத்துக்கங்க."

எல்லாப் பூட்டுகளையும் ஒரே தட்டில் திறக்கிற வழி ரெமிஜியஸுக்குத் தெரியும். அவன் அப்படிச் செய்யவில்லை. மறுநாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தான். ஹால் சுவர். துணி காய்ந்த பால்கனி. கட்டிலடித் தரை வந்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

கடைசியில் சமையலறை சுவிட்ச் போர்டை மட்டும் பூட்டியபடி விட்டான். கையகலப் படம்தான். பழைய போனில் கதவு திறந்தது. அத்தைக்கு அனுப்பிவைத்தான்.

சனிக்கிழமை மதியம் அத்தை கூப்பிட்டார். ரெமிஜியஸ் குருவின் மேசையருகே நின்றுகொண்டிருந்தான். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"மருமவனே, வீட்டுக்குள்ள போயிட்டு வந்தேன்."

"எப்படி இருந்துச்சு அத்தை?"

"சமையக்கட்டுல சுவிச்சு பூரா மஞ்சளு! மஞ்சக் கையோட சுவிச்சைத் தொடாதட்டின்னு சின்னப் புள்ளையில இருந்து சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். அங்க போயும் அதே வேலையத்தான் பாத்திருக்கா."

அத்தை சிரித்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"மத்ததெல்லாம் தெரிஞ்சுதா?" ரெமிஜியஸ் போனருகே குனிந்தான். "மங்கலா இருந்திருக்குமே அத்தை."

"ஆமா, திரும்புனா முதல்ல மங்கலாத்தான் இருக்கு. என் கண்ணுதான் போச்சோன்னு நெனச்சேன்."

"அப்புறம் என்ன செஞ்சிய?"

"என்ன செய்ய? அப்படியே நின்னேன். தானாத் தெளிஞ்சு வந்துட்டு."

ரெமிஜியஸின் கை சட்டைப் பைக்குப் போனது. போட்டோவைத் தொட்டது. அதை எடுக்காமல் கையைக் கீழே இறக்கினான்.

கண்களை மூடிக்கொண்டான்.

அப்படியே நின்றான்.