கதவோரத்துத் தோல்

"அம்மா, நான் இங்கேயே இருந்துடட்டுமா, இல்லை வீட்டுக்குப் போயிடட்டுமா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

நாச்சிமுத்து இப்படிக் கேட்டபோது வடிவம்மா முறத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

நான் அடுப்படியில் இருந்தேன். அந்த மடத்துக்கு நான்தான் சமையல். தாராபுரத்துக்கு மேற்கே, காற்றாலைகளுக்கு நடுவில், ஓடு போட்ட ஒரு கட்டடம். அதுதான் மடம். வடிவம்மா அங்கே குரு. நாச்சிமுத்துவைவிடப் பத்து வயசாவது சின்னவர், அதனால் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவர் இவரை அம்மா என்பார். ஞானத்துக்கு வயசு பார்க்க முடியுமா என்ன?

"வீட்டுல என்ன சொன்னாங்கண்ணா?"

"ருக்குமணி கறாராச் சொல்லிட்டாங்கம்மா. இந்தத் தடவை போனாப் போனதுதான், திரும்பி வந்தா கதவு திறக்க மாட்டேன்னுட்டா."

"இருந்தும் வந்துட்டீங்க."

"மனசு நிக்கலைங்கம்மா."

அந்த நிற்காத மனசை எனக்கு நன்றாகத் தெரியும். ஐப்பசி மழையோடு வருவார். தியானம், மௌனம், ஒரு வேளைச் சோறு. பொங்கல் நெருங்கினால் வீட்டு ஞாபகம் வந்துவிடும், கிளம்பிவிடுவார். சித்திரை வெயிலில் கடையில் உட்கார முடியாது, மறுபடியும் இங்கே. எங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு மூன்று மடத்தைப் பார்த்தவர் வேறு. கோயமுத்தூரில் சொந்தமாகக் கடை. பஸ்ஸுக்கும் லாரிக்கும் டிராக்டருக்கும் சீட்டு தைக்கிற கடை. நல்ல மனுஷர்தான். ஆனால் இவருக்கும் சேர்த்து உலையில் அரிசி போடுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு நாளும் நான் திண்டாடியிருக்கிறேன். எரிச்சலாக வரும். அதை ஏன் மறைக்க வேண்டும்?

"ஒரே இடத்துல உட்கார்ந்தா மனுஷன் தேஞ்சு போயிடுவாங்கம்மா," என்றார் நாச்சிமுத்து. "என் தொழில்ல பார்த்ததைத்தான் சொல்றேன். பஸ் சீட்டு ஏன் கிழியுது? உட்கார்ந்து உட்கார்ந்துதான். அதனாலதான் நான் எங்கயும் ரொம்ப நாள் இருக்கறதில்லை. ஆனா இப்ப ஒரு முடிவு பண்ணியாகணும். காவி குடுத்துடுங்க. இல்லைன்னா வீட்டுக்குப் போடான்னுடுங்க. அவ காலைப் பிடிச்சாவது உள்ள போயிடறேன்."

வடிவம்மா ஒரு கடலையை வாயில் போட்டு மென்றார்.

"நம்ம காருல ஓட்டற சீட்டு கிழிஞ்சிருக்குண்ணா. அதைச் சரி பண்ணிக் குடுங்க. அப்புறம் சொல்றேன்."

மடத்துக்குக் கார் எப்படி என்று கேட்பீர்கள். ஒரு மில் முதலாளி காணிக்கையாக விட்டுவிட்டுப் போனது. அந்தக் காலத்துப் பந்தயக் கார். சிவப்பு நிறம். இரண்டு பேர்தான் உட்காரலாம், மேலே கூரை கிடையாது. நாய் படுத்திருக்கிற மாதிரி தரையோடு தரையாக இருக்கும். வடிவம்மா அதில்தான் சந்தைக்குப் போவார். பக்கத்து சீட்டில் வாழைத்தார் வரும். ஊரில் சிரிப்பார்கள். அவருக்கு அதைப் பற்றி ஒன்றுமில்லை, தார் நசுங்காமல் வந்தால் போதும்.

"அந்தத் தொழிலை விட்டுட்டுத்தாங்கம்மா நான் இங்க வந்தேன்," என்றார் நாச்சிமுத்து.

"நீங்க விட்டுட்டீங்க. சீட்டு கிழிஞ்சிருக்கே. அது என்னண்ணா பண்ணும்?"

நாச்சிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து போனார்.

மறுநாள் சீட்டைக் கழற்றி வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்தார். தொழில் பழகின கை. தையலைப் பிரித்து, தோலை உரித்து, பஞ்சை வெளியே எடுத்துப் போட்டார். எல்லாம் ஒரு காபி குடிக்கிற நேரம்தான்.

அப்புறம் எழுந்து கையைக் கழுவிக்கொண்டார்.

"எங்க போறீங்க?" என்றேன்.

"இன்னிக்கு மௌனம் இருக்கலாம்னு தோணுது."

போய்விட்டார். பஞ்சு மரத்தடியில் கிடந்தது. சாயங்காலம் தூறல் விழுந்தது. வாய்க்குள் திட்டிக்கொண்டே நான்தான் அதைத் தூக்கித் தாழ்வாரத்தில் போட்டேன்.

மௌனம் முடிந்த கையோடு வடிவம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, காவியா, வீடா?"

"சீட்டு எங்க தேஞ்சிருக்குண்ணா?"

"அதைப் பார்க்கவே வேண்டாங்கம்மா. பஞ்சுதான் அமுங்கியிருக்கும். எல்லா வண்டியிலயும் அப்படித்தான்."

"கதவுப் பக்கம் கிழிஞ்சு தொங்குதே?"

"அது சும்மா ஓரம். ஒப்புக்கு நாலு தையல் போட்டா நின்னுக்கும்."

வடிவம்மா சரி என்று தலையை ஆட்டினார்.

நாச்சிமுத்து தாராபுரம் போய்ப் புதுப் பஞ்சு வாங்கிவந்தார். கெட்டிப் பஞ்சு, நல்ல கனம். உட்காரும் இடத்தில் அதைத் திணித்தார். ஓரத்தில் நாலு தையல் போட்டார். சீட்டைக் காரில் பூட்டினார். தட்டிப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டார்.

வடிவம்மா ஏறி உட்கார்ந்தார். தலை முன்கண்ணாடிக்கு மேலே போய்விட்டது. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. பிரேக்கை மிதிக்கக் கால் எட்டவில்லை.

"அண்ணா, பல்லக்குல ஏத்தின மாதிரி ஏத்திட்டீங்க."

இறங்கினார். இறங்கும்போது ஓரத்துத் தையல் டர்ரென்று பிரிந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

நாச்சிமுத்துவுக்கு முகம் சுருங்கிப்போனது. "தோல் சரியில்லைங்கம்மா. இத்துப்போன தோல், தையலை எப்படித் தாங்கும்? நல்ல தோல் எங்க கடையில கிடக்குது."

"யார் கொண்டுவருவாங்க?"

அவர் பிரிந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். வடிவம்மா என்னைப் பார்த்தார். நான் போய் அவர் கடைக்குப் போன் போட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

"தோல் அவருக்கா, காருக்கா?" என்றாள் ருக்குமணி.

"காருக்குத்தான் அம்மிணி."

"அப்ப வர்றேன்."

மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோளில் தோல் சுருள். மெலிந்த உடம்பு, ஆனால் நடை விறுவிறுவென்று இருந்தது. புருஷனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வடிவம்மாவைக் கும்பிட்டாள். நான் கொடுத்த மோரை வாங்கிக் குடித்தாள். பிறகு நேரே காருக்குப் போனாள்.

கதவைத் திறந்தாள். உள்ளே உட்கார்ந்தாள். எழுந்து வெளியே வந்தாள். மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி வந்தாள். ஓரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"இதுல பஞ்சு வச்சது யாரு?"

நான் காலி டம்ளரைக் கழுவ ஆரம்பித்தேன்.

"நான்தான்," என்றார் நாச்சிமுத்து. "உட்கார்ந்து தேஞ்சிருக்கும்னு..."

"இது பஸ் இல்லைங்க. நீங்க இல்லாதப்ப இந்த மாதிரித் தாழ்ந்த வண்டியெல்லாம் கடைக்கு வர ஆரம்பிச்சிடுச்சு. முதல்ல எனக்கும் தெரியாது. ரெண்டு மூணைக் கெடுத்துத்தான் கத்துக்கிட்டேன். பழைய பஞ்சு எங்க?"

தாழ்வாரத்திலிருந்து நான் எடுத்துவந்து கொடுத்தேன். அழுத்திப் பார்த்தாள். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். சீட்டைக் கழற்றி மரத்தடிக்குக் கொண்டுபோய் மறுபடி பிரித்தாள். வடிவம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாருங்கம்மா, இதுல ஒரு குழியும் இல்லை. உட்கார்ற இடம் அப்படியே இருக்குது."

"பின்ன எங்க தேஞ்சுது அம்மிணி?"

"கதவோரம்ங்கம்மா. இந்த மேடு இருக்குதில்ல, இது மேலதான் இடுப்பைத் தேய்ச்சுக்கிட்டு உள்ள போவாங்க. இதுலயே கையை ஊனிக்கிட்டு வெளிய வருவாங்க. தோல் போறது இங்கதான். உள்ள உட்கார்ந்து ஓட்டறவர் காசி வரைக்கும் ஓட்டினாலும் சீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஏறி இறங்கி, ஏறி இறங்கித்தான் இது தேயும்."

அவள் தொழில் பேச்சாகத்தான் சொன்னாள். நாச்சிமுத்து அசையாமல் நின்றார்.

"ஏறி இறங்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்லையா?" என்றார் வடிவம்மா.

"அவங்களுக்கு என்னங்கம்மா? வேட்டியைத் தட்டிவிட்டுட்டுப் போயிடுவாங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது போலிருக்கிறது. தோல் மேல் இருந்த கை அப்படியே நின்றது. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவை நீங்க போனப்பவும் அழுதேன். அதைக்கூடத் தாங்கிக்கலாம். திரும்பி வந்தப்பல்லாம் சந்தோஷப்பட்டேன் பாருங்க, அதுதான் என்னைத் தின்னுடுச்சு. கறி எடுத்து, தலைக்கு எண்ணெய் வச்சு, இனிமே போக மாட்டார்னு பக்கத்து வீட்டுல எல்லாம் சொல்லி... ஒரேயடியாப் போயிருந்தீங்கன்னா ஒரு அழுகையோட முடிஞ்சிருக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளாக அரிசிக் கணக்குக்காக நான் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். இவள் என்ன பாடு பட்டிருக்கிறாள்.

நாச்சிமுத்து குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"எனக்குத் தெரியாமப் போச்சு புள்ள," என்றார். "நான் தேயறேன்னு நினைச்சுட்டு இருந்தேன். தேஞ்சது நீ."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சட்டென்று எழுந்தார் நாச்சிமுத்து. உள்ளே ஓடினார். பையோடு வந்தார். வடிவம்மாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"அம்மா, புரிஞ்சுபோச்சு. காவியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் வீட்டுக்குப் போறேன். ருக்கு, கிளம்பு. வர்ற பஸ்ஸுக்கே போயிடலாம். இனி உன்னை விட்டு எங்கயும் போக மாட்டேன்."

நானும் நம்பிவிட்டேன். அப்பாடா, ஒரு வழியாக நல்லபடியாக முடிந்தது, பாயசம் வைத்துவிட வேண்டியதுதான் என்று எழுந்துகூட விட்டேன்.

ருக்குமணி எழுந்திருக்கவில்லை.

"இந்த சீட்டு?"

சீட்டு மரத்தடியில் பிரிந்து கிடந்தது. தோல் ஒரு பக்கம், பஞ்சு ஒரு பக்கம், இரும்புச் சட்டம் ஒரு பக்கம்.

"அது கிடக்கட்டும். வேற ஆளை வச்சு முடிச்சுக்குவாங்க. நீ வா."

ருக்குமணி வடிவம்மாவைப் பார்த்தாள். வடிவம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் பஸ் வருகிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க," என்றாள் ருக்குமணி. சத்தமே போடவில்லை. "மறுபடியும் இறங்கறீங்க."

நாச்சிமுத்து பையோடு நின்றார்.

பஸ் வந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. போய்விட்டது.

அவர் பையை வைத்துவிட்டு மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கிழிந்த ஓரத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"ஊசியை எடு," என்றார்.

"நீங்களே எடுங்க," என்றாள் ருக்குமணி.